பம்பைக்காரனுக்குச் சாமி வரக்கூடாது

குடித்துவிட்டுப் பாடினான் என்று எவள் சொன்னாளோ, அவள் வாயில் ஒரு பிடி உப்பைப் போட வேண்டும். காப்புக் கட்டிய நாளிலிருந்து கூழ் வார்த்து முடிகிற வரைக்கும் தாண்டவராயன் பச்சைத் தண்ணீரைக்கூட யோசித்துக் குடிக்கிற ஆள். சித்தம் கலங்கிப் பாடினான் என்பதும் பொய். எதிர்க்கட்சிக்காரன் கையில் எதையோ திணித்துப் பாடச் சொன்னான் என்பது அதைவிடப் பெரிய பொய். திணித்திருந்தால் அவன் வீட்டுக் கூரை வழியே அப்படி வானம் தெரியுமா? போய்ப் பார்க்கச் சொல்லுங்கள், பார்த்துவிட்டு வந்து பேசச் சொல்லுங்கள். வாய் இருக்கிறது என்று ஆளுக்கு ஒரு கதை. நடந்தது ஒரே கதைதான். அவன் பாடினான். சுயபுத்தியோடு, வயிற்றில் பசியோடு, அவனே பாடினான். அந்த ‘அவனே’தான் இந்த ஊருக்குச் செரிக்கவில்லை.

டீக்கடைக்கு ரேடியோப் பெட்டி வந்துவிட்ட காலம், டி.வி. என்பதை எவரும் கண்ணால் பார்த்திராத காலம். ஊர் உத்திரமேரூருக்குத் தெற்கே, ஏரிக்கரையை ஒட்டினாற்போல் இருந்தது. தாண்டவராயன் அந்த ஊர் பம்பைக்காரன். ஒன்று பித்தளை, ஒன்று மரம் என்று இரண்டு மேளத்தைச் சேர்த்துக் கட்டி இடுப்புக்கு நேரே தொங்கவிட்டு, குச்சியால் அடித்துக்கொண்டே அம்மனை வர்ணித்துப் பாடுவான். அவன் பாட்டுச் சூடேறினால்தான் கரகம் எடுக்கிறவனுக்கு அருள் வரும். அருள் வந்தால்தான் பூங்கரகம் ஏரிக்கரையை விட்டுக் கிளம்பும். ஆடி மாதத்தில் அவன் இல்லாமல் அந்த ஊர்ச் சாமி ஓர் அடி நகராது.

அந்த வேலையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பம்பைக்காரனுக்கு மட்டும் சாமி வரக்கூடாது. வரவழைக்கிறவனும் அவன்தான், ஆடி முடித்தவர்களை மலையேற்றுகிறவனும் அவன்தான். அவனே ஆடிவிட்டால் மேளம் நின்றுபோகும், மற்றவர்களை இறக்கிவிட ஆள் இருக்காது. அதனால் மேளத்தைத் தொடுவதற்கு முன்னால் ஆத்தாளிடம் ‘எல்லார் மேலும் வா, என் மேல் வராதே’ என்று கேட்டுக்கொண்டு, இடுப்பில் ஒரு மஞ்சள் துணியை இறுக்கிக் கட்டிக்கொள்வான். இது மூடி வைத்த ரகசியம் இல்லை. ஊரில் நடக்கக் கற்ற குழந்தைக்கும் தெரியும். தெரிந்ததை எல்லாரும் சேர்ந்து ஒரே நாளில் மறந்தார்கள் பாருங்கள், அதுதான் வேடிக்கை.

மேளத்தை இறக்கி வைத்துவிட்டால் தாண்டவராயனுக்குப் பேச்சு வராது. சந்தையில் எதிராளி சொன்ன விலைக்குத் தலையாட்டிவிட்டு வருவான். வரப்பை நகர்த்திப் போட்டுக்கொண்டவனிடம் ‘இன்னாப்பா இது’ என்று கேட்கப் போய், ‘நல்லா கீறியா’ என்று கேட்டுவிட்டுத் திரும்பியவன். அவன் பெண்டாட்டி பவளம் தாமல்காரி. கடல் மாதிரி ஏரியைப் பார்த்து வளர்ந்தவள், வாயும் அதற்கேற்ற அகலம். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் சேர்த்து அவள்தான் பேசினாள்.

“எங்க ஊரு ஏரிக்கு முன்னால உங்க ஏரி எச்சி துப்பன மாதிரி கீது” என்பாள். அவன் சிரிப்பான்.

ஆனால் சிறிய ஏரியாக இருந்தாலும் நிறைகிற ஏரிதான். நிற்காத ஏரி. மதகில் பலகை இற்றுப்போய், அடைத்தாலும் திறந்தாலும் ஒன்றாகிவிட்டது. ஐப்பசியில் தளும்புகிற தண்ணீர் தைக்குள் ஒழுகி ஓடிவிடும். கதிர் பால் பிடிக்கிற நேரத்தில் வயல் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். கடைமடையில் பவளத்தின் துண்டு நிலம். முதலில் வெடிக்கிறது அதுதான். ஊரார் கூடிப் பலகை போடலாம் என்றால், ‘சர்க்கார் ஏரி, கை வெச்சா கேஸ்’ என்று ஆபீசில் சொல்லிவிட்டார்கள்.

அதற்குத்தான் தலைவர் சடையப்பன் இருந்தாரே! எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள், அவர் எல்லாவற்றிலும் இருந்தவர். நெல் மிஷின் வைத்திருந்தார், அம்பாசடர் கார் வைத்திருந்தார், வாய் நிறைய வாக்கு வைத்திருந்தார். ஓட்டு வந்தால் கார் வரும். கார் வந்தால் நேரே மதகுக்குப் போவார். ஒரு தேங்காயை உடைத்து, மாலையை மதகுக் கல்லுக்குப் போட்டு, ‘அடுத்த போகத்துக்குள்ள இரும்புப் பலகை’ என்று கையை ஆட்டிவிட்டுப் போவார். ஒவ்வொரு ஓட்டுக்கும் ஒரு தேங்காய். அந்த மதகு பார்த்த தேங்காயைக் கோயில் பார்த்திருக்காது. ஊராரும் ஒவ்வொரு தடவையும் கைதட்டினார்கள். கார் புழுதி அடங்கியதும் அந்தத் தேங்காய் மூடிக்கு அடித்துக்கொண்டார்கள். அதற்குமேல் அவர்களுக்கும் அந்த மதகுக்கும் சம்பந்தமில்லை.

அந்த வருஷம் ஆடித் திருவிழாவுக்குத் தலைவர் வருகிறார் என்று ராஜாராம் சொன்னான். ராஜாராம் உரக்கடைக்காரன்; தலைவரின் காருக்கு முன்னால் ஓடுவது அவனுக்கு இன்னொரு தொழில். திருவிழா அன்று காலையிலேயே ஏரிக்கரையில் கரகம் ஜோடித்தாகிவிட்டது. வேப்பிலை, அரளி, எலுமிச்சை எல்லாம் வைத்து, கரகம் எடுக்கிற கிருஷ்ணசாமி முதல்நாளிலிருந்து அன்னம் ஆகாரம் இல்லாமல் ஈரத் துணியோடு நின்றான். தாண்டவராயன் வர்ணிப்பைத் தொடங்குவான், பாட்டு ஏறும், கிருஷ்ணசாமியின் தோள் துடிக்கும், உடனே ராஜாராம் ஓடி வந்து கையைக் காட்டுவான்.

“நிறுத்து, நிறுத்து. தலைவர் வரட்டும். பரிவட்டம் கட்டிட்டு அப்பறம் சாமிய கூப்டலாம்.”

இப்படி எத்தனை தடவை! அழைத்த சாமியை வாசலில் நிறுத்திவைத்து, காருக்காகக் காத்திருந்த ஊர் அது. வெயில் உச்சிக்கு வந்து சாய்ந்தது. கரகத்துப் பூ வதங்கியது. கிருஷ்ணசாமியின் உதடு வெளுத்தது. ஒருவர் வாயைத் திறக்கவில்லை.

கார் வந்தது. தலைவர் இறங்கினார். கஞ்சி போட்ட வேட்டி மடமடவென்று சத்தம் போட்டது. தலையில் பரிவட்டம் கட்டினார்கள். பெரிய மனிதர் வந்தால் பம்பைக்காரன் அவர் பேரைச் சொல்லி நாலு அடி வாழ்த்துப் பாடுவது வழக்கம். ராஜாராம் தாண்டவராயனின் விலாவில் இடித்தான்.

“உம், பாடு.”

தாண்டவராயன் பாடினான். அம்மனுக்குப் பாடுகிற அதே மெட்டு, அதே அடி.

“ஏழு கன்னி காவ காக்கும் ஏரிக்கர மேல வந்து
மதகடியில் தேங்கா ஒடச்சி மால போட்ட மவராசா!
ஒடச்ச தேங்கா காஞ்சி போச்சி, ஓடு மட்டும் கெடக்குதய்யா
வாய்க்கா எல்லாம் காஞ்சி போச்சி, வாக்கு மட்டும் பாயுதய்யா!
பலக கேட்ட சனத்துக்கெல்லாம் பல்ல காட்டிப் போனவரே
பால் புடிக்கும் கதிருக்குத்தான் பதிலு சொல்லிப் போவணுமே!”

பவளம் பெண்கள் கூட்டத்தில் நின்றிருந்தாள். ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள். சந்தையில் விலை பேசத் தெரியாத மனிதன்! அவன் முகத்தைப் பார்த்தாள். எப்போதும்போலத்தான் இருந்தது. வரப்புத் தகராறுக்குப் போய்ச் சுகம் விசாரித்துவிட்டு வந்தானே, அதே முகம். மேளம் மட்டும் வாய் பேசியது.

அந்த நேரம் பார்த்துக் கிருஷ்ணசாமி ‘ஹூம்!’ என்று ஒரு சத்தம் போட்டுத் துள்ளினான். அருளோ, பசி மயக்கமோ, அது ஆத்தாளுக்குத்தான் தெரியும். அவன் துள்ளியதும் நாலைந்து பெண்கள் தலையை விரித்துக்கொண்டு ஆடினார்கள். ‘தாயே!’ என்று கூட்டம் கையெடுத்தது. ‘ஆத்தா கேக்கறாடா, ஆத்தா கேக்கறா!’ என்று எவனோ கத்தினான். தலைவர் சடையப்பனுக்கு வேர்த்துக்கொட்டியது. பரிவட்டம் ஒரு பக்கம், கண்ணாடி ஒரு பக்கம், கரகத்துக்கு முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். கரகத்துக்கு ஊற்றிய தண்ணீர் அங்கேதான் சேறாகிக் கிடந்தது.

“தப்புதான் தாயே! ஒரு மாசத்துல பலகை போட்டுடறேன்!”

எழுந்தபோது கஞ்சி வேட்டி காவி வேட்டியாகியிருந்தது.

அதற்குப் பிறகு தாண்டவராயனுக்கு வந்த மரியாதையைச் சொல்லி முடியாது. டீக்கடைக்குப் போனால் பெஞ்சில் இடம் விட்டார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று திருநீறு கேட்டு வந்தார்கள். அவன் வேண்டாம் என்பான். அவன் கையாலேயே அடுப்புச் சாம்பலை எடுத்துக் கொடுத்தாலும் போதும் என்று நிற்பார்கள். பக்கத்து வீட்டு மங்கம்மா தன் எருமையை ஓட்டிக்கொண்டு வந்து வாசலில் கட்டினாள். பால் சுருங்கிவிட்டதாம்.

“அண்ணாத்த கைய வெச்சா போதும். ஆத்தா நின்ன நாக்கு அது.”

அவன் எருமையின் முதுகில் தட்டினான், அவ்வளவுதான். மறுநாளே பால் பெருகிவிட்டது என்று மங்கம்மா தெருவெல்லாம் சொன்னாள்.

மதகுக்குக் கருங்கல் லாரி வந்தது. கல்லை இறக்கினார்கள். இரும்புப் பலகை பின்னால் வரும் என்றார்கள். இந்த ஊர்க்காரர்கள் உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில் போய், ‘எங்க சாமி நின்னு கேக்கற சாமி’ என்று மார் தட்டினார்கள். தட்டினதோடு விட்டிருக்கலாம். எதிர்க்கட்சிக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். ‘சடையப்பனை ஒரு மோளக்காரன் சேத்துல பொரட்டிட்டான்’ என்று கடைக்குக் கடை சிரிப்பு. சிரிப்பு சடையப்பன் காதுக்குப் போனது. மறுநாள் ராஜாராம் டீக்கடைக்கு வந்தான்.

“தாண்டவராயா, ஒன்னு கேக்கறேன், கோச்சிக்காத. பம்பைக்காரனுக்கு சாமி வராதுன்னு எங்க நைனா சொல்லுவாரு. உனுக்கு மட்டும் எப்டி வந்துச்சி?”

“வர்லியே” என்றான் தாண்டவராயன்.

“வர்லியா?”

“வந்தா மோளத்த எவன் அடிக்கறது?”

“அப்ப அன்னிக்கி பாட்னது?”

“நான்தான்.”

டீ ஆற்றிக்கொண்டிருந்தவன் கை அந்தரத்தில் நின்றது.

“இன்னா, நீயா கட்டிப் பாட்னியா? தலைவர?”

“கட்டல. வாய்ல வந்துச்சி. தண்ணி இல்லாம காயறது என் பயிரு. கேட்டேன். கேக்கக் கூடாதா?”

அவ்வளவுதான். பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் எழுந்துவிட்டான். ஏதோ தொழுநோய் தொற்றிக்கொள்கிற மாதிரி.

இந்த ஜனங்களை என்னவென்று சொல்வது! பாட்டில் ஓர் எழுத்து மாறவில்லை. மதகு அதே மதகு, தேங்காய் அதே தேங்காய். ஆத்தா கேட்டாள் என்றபோது கண்ணீர் விட்டவர்கள், தாண்டவராயன் கேட்டான் என்றதும் காறித் துப்பினார்கள். பாட்டில் சொன்னது பொய்யா என்று ஒருவன் கேட்கவில்லை. ‘இவன் யார் கேட்க’ என்பதுதான் கேள்வி. மோளம் அடிக்கிறவனுக்கு இந்த வாயா, தலைவர் முகத்துக்கு நேரே பல்லைக் காட்டி என்று பாடுவதா, பெரிய மனிதரை இப்படிப் பேசினால் நாளைக்கு யார் ஊருக்குள் வருவார்கள்? வந்துதான் என்ன கிழித்தார் என்று எவனும் கேட்கவில்லை. மங்கம்மாவின் எருமைக்கும் அன்றைக்கே பால் சுருங்கிவிட்டது.

அடிபம்பில் பவளம் குடத்தை வைக்கப் போனபோது மங்கம்மா தன் குடத்தை இழுத்துக்கொண்டாள்.

“ஏன்டி, எங்கள ஏமாத்தி எத்தினி நாள் கும்புட வெச்சீங்க?”

“உன்ன எவன்டி கும்புட சொன்னான்? எருமைய இஸ்துக்கினு நீயாத்தானே வந்த. அவரு வாணாம் வாணாம்னு சொன்னாரே, காது எங்க போயிருந்துச்சி?”

“குடிச்சிட்டுப் பாடிக்கீறான். எல்லாரும் சொல்றாங்க.”

“குடிச்சிட்டுப் பாட்னா தாளம் தப்பும். தப்புச்சா? உன் வூட்டுக்காரன் குடிச்சிட்டு வந்து வாசப்படிய கூட சரியா மிதிக்க மாட்டான், அத்த பாரு போ.”

வெளியே இப்படி. வீட்டுக்குள் அவளும் அவனைச் சும்மா விடவில்லை. ஏனென்றால் ராஜாராம் ஒரு வழி கொண்டு வந்திருந்தான். தலைவர் சொல்லி அனுப்பிய வழி. வெள்ளிக்கிழமை கோயில் வாசலில் தாண்டவராயன் சூடம் ஏற்றி, அதைக் கையால் அணைத்து, ‘என் நாக்கில் ஆத்தாதான் நின்றாள்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். செய்துவிட்டால் மதகுக்குப் பலகை வரும், அவனும் பழையபடி ஊர்ப் பம்பைக்காரன். செய்யாவிட்டால் இறக்கின கல்லும் லாரி ஏறும்.

“இதுல உனுக்கு இன்னா கொறச்சல்?” என்றான் ராஜாராம். “ஆத்தா கேட்டான்னா, தலைவர் தாய் கால்ல விழுந்தாரு. கௌரவம். நீ கேட்டேன்னா, அவரு யார் கால்ல விழுந்தாரு? யோசன பண்ணு.”

யோசிக்க வேண்டியதில்லை, பளிச்சென்று தெரிந்தது. சடையப்பனுக்கு வேண்டியது சாமியல்ல. தன் வேட்டியிலிருந்த சேற்றுக்கு ஒரு நல்ல பேர் வேண்டும். ஊராரும் தலையாட்டினார்கள். நல்ல யோசனை, நியாயமான யோசனை, தலைவர் தங்கமான மனிதர் என்றார்கள்.

பவளத்துக்கும் அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவளுக்குத் தண்ணீர் வேண்டும். வருஷா வருஷம் பதரைத் தூற்றித் தூற்றி அவள் கை அலுத்துவிட்டது. கல் கண்ணெதிரே கிடக்கிறது. நடுவில் நிற்பது இவன் நாக்கு.

“சொல்லிட்டு வந்துரேன்யா. வாய்லேந்து வர்ற காத்துதானே. பேசாத மனுசன், இத்தினி நாள் பேசாம இருந்துட்டு இப்ப மட்டும் இன்னாத்துக்கு உனுக்கு இம்மாம் ரோசம்?”

அவன் மேளத்துக்குப் புது வார் கட்டிக்கொண்டிருந்தான்.

“நான் அவள கூப்ட்றவன். மோளத்த எடுக்கறப்ப எல்லாம் எம்மேல வராதன்னு அவகிட்டயே சொல்லிட்டு எடுக்கறேன். இப்ப அவ வாசல்லயே போயி, வந்தேன்னு சொல்லச் சொல்றியா?”

“ஆத்தா கோச்சிக்க மாட்டா. ஊருக்கு நல்லதுதானே.”

“சரி, இப்ப மதகுக்கு ஆத்தா வந்தா. நாளைக்கி ரேசன் அரிசில புழு கீது. அதுக்கும் ஆத்தா வரணும். உரம் கெடைக்கல. ஆத்தா வரணும். பஸ் நிக்காம போறான். ஆத்தா வரணும். ஏன், நமக்கு வாய் எதுக்கு கீது? கூழ் குடிக்கவா?”

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவன் ஒரு மூச்சில் இவ்வளவு பேசி அவள் கேட்டதில்லை.  கோபம்தான் வந்தது.

“பயிரு காயட்டும், உன் வாய வெச்சிக்கினு வரப்புல உக்காந்துக்க” என்று சொல்லிவிட்டு, சாயங்காலம்வரை அவனோடு பேசவில்லை. அவனுக்கு அது தண்டனையாகவே படவில்லை என்பது அவளுக்கு இன்னும் கோபம்.

வியாழக்கிழமை அவளே உத்திரமேரூர் பஜாருக்குப் போனாள். சூடம் வாங்கத்தான். வாங்கி வந்து அவன் முன்னால் வைத்துவிட்டால் மனம் இளகுவான் என்று ஒரு கணக்கு. சனாவுல்லா பாய் கடையில் மளிகையும் கிடைக்கும், சூடம் சாம்பிராணியும் கிடைக்கும். அவள் அப்பா காலத்திலிருந்தே அந்தக் கடையோடு பழக்கம்.

“வாம்மா பவளம். உங்கூட்டுக்காரரு பாட்டு எங்க பஜார் பூராவும் ஓடிக்கினு கீது” என்றார் பாய். புளியை நிறுத்துக்கொண்டே, பக்கத்திலிருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி இழுத்துப் பாடினார். “வாய்க்கா எல்லாம் காஞ்சி போச்சி, வாக்கு மட்டும் பாயுதய்யா! ஜோரா கீதும்மா. யாரு கட்னது?”

யார் கட்டினது என்று அதுவரைக்கும் அவளை எவரும் கேட்டதில்லை. யார் நாக்கில் யார் நின்றார்கள் என்றுதான் கேட்டார்கள். 

“அவருதான் பாய்.”

“மாஷா அல்லா. நல்ல தெகிரியம். எங்க தெருவுல மாசக்கணக்கா கொழாய் வர்ல. மெம்பரு வூட்டுக்கு எதிர்லதான் எல்லாரும் டீ குடிக்கறோம். ஒருத்தன் கேக்கறது? தர்காவுக்குப் போயி, பாவா நீ கேளுன்னு சொல்லிட்டு வர்றானுங்க. பாவா இன்னா பிளம்பரா?”

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பவளமும் சிரித்துவிட்டாள். சிரித்தபிறகுதான் உறைத்தது. ஏரிக்கரையில் சடையப்பன் சேற்றில் விழுந்தாரே, அப்போது அவள் உள்ளே ஒன்று குதித்தது. அதை இத்தனை நாளாய் ஆத்தாள் கணக்கில் எழுதி வைத்திருந்தாள். பயிருக்குப் பாடுபட்டவன் கேட்டு, தேங்காய் உடைத்தவன் விழுந்தான். அதற்குத்தானே குதித்தது?

“சூடம் கேட்டியே, எம்மாம் வேணும்?”

“சூடம் வாணாம் பாய். புளி மட்டும் குடு.”

வீட்டுக்கு வந்தாள். புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தாள். தட்டில் சோற்றைப் போட்டபோது, “கூரம் ஊர்த் திருவிழாவுக்கு மோளம் கேட்டாங்கன்னியே, ஒத்துக்கினியா?” என்று மட்டும் கேட்டாள்.

“இல்ல. நீ சூடம் வாங்கப் போய்ட்டியே.”

“போனேன். கெடைக்கல.”

அவன் அவள் முகத்தைப் பார்த்தான். பிறகு குனிந்து சாப்பிட்டான். இன்னும் கொஞ்சம் குழம்பு கேட்டான்.

வெள்ளிக்கிழமை காலையில் கோயில் வாசலில் கூட்டம் சேர்ந்தது. தாண்டவராயன் வரவில்லை என்றதும் கூட்டம் அவன் வீட்டு வாசலுக்கே வந்தது. ராஜாராம் முன்னால். கிருஷ்ணசாமியும் வந்திருந்தான், எங்கோ பார்த்துக்கொண்டு. பசியோடு அவனை வெயிலில் நிறுத்தி வைத்தவர்கள் நடுவில் நின்றுகொண்டு, பசியறிந்து பாடினவனுக்கு எதிராக வந்திருந்தான். மங்கம்மா ஒரு தட்டில் சூடத்தோடு தயாராக நின்றாள். புண்ணியத்தில் அவளுக்கும் ஒரு பங்கு வேண்டுமே!

தாண்டவராயன் குளித்து, வேட்டியை மடித்துக் கட்டி, மேளத்தை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். மேளத்தைப் பார்த்ததும், கோயிலுக்குத்தான் வருகிறான் என்று கூட்டம் குளிர்ந்தது.

“அப்டி வா வழிக்கி” என்றான் ராஜாராம். “ஆத்தாதான் பாட்னான்னு ஒரு வார்த்த. முடிஞ்சிது பேஜாரு.”

“நான் பாட்னேன்னு அன்னிக்கே சொல்லிட்டேனே.”

“யோவ், ஊரு பயிரு காஞ்சா உன் தலைலதான்யா விழும்!” என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான்.

“எனுக்கும்தான் காயும்” என்றான் தாண்டவராயன். “பலகை போட்றேன்னு சொன்னவரு கார்ல போயிக்கினு கீறாரு. அவர நிறுத்தி கேக்காம என்ன நிறுத்தி வெச்சிக்கினு கீறீங்க.”

“தலைவர பத்திப் பேசாத! உன் தகுதி இன்னா, அவரு தகுதி இன்னா?”

“அவரு தகுதி அன்னிக்கி சேத்துல கெடந்துச்சி. நான்தான் பாத்தேனே” என்றது பவளத்தின் குரல். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு புருஷனுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். “இன்னா மொறைக்கிறீங்க? பாட்டு அவருது. நாக்கும் அவருது. ஆத்தாவுக்கு வேணும்னா அவ வந்து பாடட்டும், அவளுக்கு இன்னா கொரல் இல்லியா? மங்கம்மா, அந்த தட்ட எடுத்துக்கினு போயி உன் எருமைக்கி காட்டு.”

ஒருவன் மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தான். அது கதவில் பட்டு உடைந்தது. எறிந்தவன் யார் என்று தெரியாதபடி எல்லாரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். வீரம் அவ்வளவுதான்.

ராஜாராம் பேச்சை நிறுத்திக்கொண்டான். தெருக்கோடியில் லாரி நின்றது; காலையிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டுத்தான் சத்தியம் கேட்க வந்திருந்தான். டிரைவரைப் பார்த்துக் கையை ஆட்டினான். லாரி மதகுப் பக்கம் திரும்பியது.

“கல்ல ஏத்தணும். ஆள் பத்தாது. நாலு பேரு வாங்கப்பா” என்றான்.

பவளம் கூட்டத்தைப் பார்த்தாள். இப்போதாவது ஒருவன் கேட்பான் என்று நினைத்தாள். நம் மதகுக் கல், எதற்கு ஏற்ற வேண்டும் என்று ஒரே ஒருவன். லாரிக்கு முன்னால் போய் நிற்க வேண்டாம், இடத்தை விட்டு அசையாமல் இருந்தாலே போதும். பயிர் காய்ந்தால் உன் தலையில் என்று கத்தினவன்தான் முதலில் துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டு கிளம்பினான். அவன் பின்னால் இன்னொருவன். நாலு பேர் கேட்டதற்குத் தெருவே போனது. கிருஷ்ணசாமியும் போனான். தலைவர் காதுக்குத் தன் பேர் போக வேண்டாமா ஒவ்வொருவனுக்கும்? மங்கம்மா தட்டை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, தன் புருஷனைச் சீக்கிரம் போகச் சொல்லி விரட்டினாள்.

கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கமிருந்து கல் லாரியில் விழுகிற சத்தம் கேட்டது. ‘ஐலேசா’ என்ற சத்தமும் கேட்டது. நல்ல உற்சாகமாகத்தான் ஏற்றினார்கள்.

வாசல் காலியாக இருந்தது. தாண்டவராயன் மேளத்தின் வாரை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டான்.

“கூரத்துக்குப் போறேன்” என்றான். “அங்க கேக்கறவங்க கீறாங்க.”

“கேக்கற மாதிரி பாடு” என்றாள் பவளம்.

அவன் செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கினான். கல் ஏற்றுகிற சத்தத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, பஸ் நிற்கிற பக்கமாக நடந்தான்.